சுருக்கத்துக்கு யார் காரணம்

அன்புள்ள மைத்துனருக்கு,

நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கு நான் நலம். நலம் என்று எழுதினால்தான் கடிதம் கடிதமாக இருக்கும் என்பதால் எழுதினேன். உண்மையில் தலையிலிருந்து இடுப்பு வரை நலம், தொடையிலிருந்து பாதம் வரை நலம். இரண்டுக்கும் நடுவில் உள்ள சங்கதியைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். ஆகவே தனியாக இருக்கும்போது படி. படித்ததும் கிழித்துவிடு. முக்கியமாக உன் அக்காவிடம் மூச்சு விடாதே. இதை நான் தபால் ஆபீஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இங்கே பேனாவைக் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கயிறு எட்டுகிற வரைதான் வரி போகும். வலது பக்கம் நிறைய இடம் விட்டிருக்கிறேனே என்று நினைக்காதே.

மாப்பிள்ளை, விஷயம் இதுதான். எனக்குச் சிறுநீர் வருகிற குழாயில் சுருக்கம் வந்திருக்கிறது. சுருக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதலாமே என்று நீ கேட்பாய். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதையெல்லாம் வெட்டிக் குறைத்தவன் நான். என் கதை என்று வரும்போது ஒரு வரியைக்கூட வெட்ட மனசு வரவில்லை.

ஒன்றரை வருஷமாகவே சிறுநீர்த் தாரை மெலிந்துகொண்டு வந்தது. வயசானால் தலைமுடி மெலிகிறது, தூக்கம் மெலிகிறது, இதுவும் மெலியட்டும் என்று இருந்துவிட்டேன். அப்புறம் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று போக வேண்டிய இடத்துக்குப் போகும், இன்னொன்று என் செருப்பைத் தேடிக்கொண்டு வரும். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் எழுந்து போய்த் திரும்புவதற்குள் கதாநாயகன் ஜெயிலில் இருப்பான், எதற்காகப் போனான் என்று பக்கத்து ஆசாமி சொல்ல மாட்டான். வீட்டில் இன்னும் மோசம். குளியலறைக் கதவுக்கு வெளியே உன் அக்கா நிற்பாள். "உள்ள என்னங்க பண்றீங்க?" "பல்லு தேய்க்கிறேன்." "காலைலதான தேச்சீங்க?" "மறுபடியும் தேய்க்கிறேன்." அவளைப் பொறுத்தவரை இந்த ஊரிலேயே சுத்தமான பற்கள் என்னுடையவைதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடியோடு அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகிவிட்டது. வாளிக்கு மேலே இருக்கிற குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டால் இதற்கும் ஞாபகம் வரும் என்று ஒன்றரை மணி நேரம் நின்றேன். வியர்த்துக் கொட்டியது. கடைசியில் நாலு சொட்டு வந்தது. அந்த நாலு சொட்டுக்கு நான் சந்தோஷப்பட்ட மாதிரி என் பென்ஷன் ஆர்டர் வந்த அன்றுகூடச் சந்தோஷப்படவில்லை. ஆனால் பயந்துபோனேன் மாப்பிள்ளை, நிஜமாகவே பயந்துபோனேன். அன்று சாயங்காலமே உன் அக்காவிடம் பாதி உண்மையைச் சொல்லி, மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நாற்பத்தொரு கேள்விகள். மூன்று இடத்தில் ஒற்றுப் பிழை, ஓரிடத்தில் 'முன்பு' என்பது 'முன்பூ' என்று பூத்திருந்தது. அதையெல்லாம் பென்சிலால் திருத்திக்கொண்டே நிரப்பினேன். பதினேழாவது கேள்வி: 'தங்களுக்கு இதற்கு முன் தொற்று ஏதேனும் ஏற்பட்டதுண்டா?' எனக்கு இடது கால் பெருவிரலில் நகம் உள்ளே வளர்ந்து சீழ் பிடித்ததே, அது தொற்றுதானே? 'ஆம்' என்று குறி போட்டேன். எந்த இடத்தில் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவது என் தொழிலுக்கு விரோதம்.

பிறகு ஒரு திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். ஒரு புனல், அதற்குக் கீழே எடை பார்க்கிற மாதிரி ஒரு கருவி, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். புனலுக்குள் போனால் கம்ப்யூட்டர் கோடு போடுமாம். திரைக்கு வெளியே நின்ற நர்ஸ் "ஆரம்பிங்க சார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "ஆரம்பிங்க சார்" என்றாள். மூன்றாம் தடவை அவள் சொன்னபோது "முடிக்கப் போறேம்மா" என்றேன். சரியாக இருக்கிறவர்களுக்குக் கோடு குன்று மாதிரி ஏறி இறங்குமாம். எனக்குச் சாப்பாட்டு மேசை மாதிரி தட்டையாகக் கிடந்தது. அப்புறம் வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்த்து, உள்ளே பாதிக்கு மேல் அப்படியே தேங்கி நிற்கிறது என்றார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எதைக் கேட்டாலும் மணி என்ன என்று கேட்கிற குரலில்தான் கேட்பார். "சார், இது வயசானவங்களுக்கு வர்ற சுரப்பி வீக்கம் மாதிரி தெரியல. குழாய்லயே எங்கயோ சுருங்கியிருக்கு. எந்த இடம், எவ்வளவு நீளம்னு தெரியணும். மருந்து ஏத்தி ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம். இப்ப தேதி இல்ல, அடுத்த மாசம் முதல் புதன்" என்றார்.

"எதனால சுருங்குது டாக்டர்?"

"பல காரணம் இருக்கு. கால் ரெண்டையும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போட்டு எதும்மேலயாவது விழுந்திருக்கீங்களா? சைக்கிள் கம்பி, வேலி, அந்த மாதிரி?"

மாப்பிள்ளை, நீ இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். உன் அக்கா வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரும் நானும் மட்டும்தான். சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாக "இல்ல" என்றது. டாக்டர் படிவத்தைப் புரட்டினார். பதினேழாவது கேள்வியில் அவர் விரல் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் கால்விரல் ஞாபகத்தில் பணிவாகத் தலையாட்டினேன். 'சுருக்கம், தொற்றுக்குப் பிந்தையது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். அந்தக் கேள்விக்குறியை நான் என் கண்ணால் பார்த்தேன். வளைவு அழகான வளைவு, கீழே புள்ளியும் இருந்தது.

அரை மணி நேரத்தில் அச்சடித்த சீட்டு வந்தது. என் கண்ணாடி என் பையில், பை உன் அக்கா மடியில். அதனால் அவளே வாங்கிப் படித்தாள். உன் அக்கா முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவள். எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் முன்னும் பின்னும் திருப்பி, தேதி பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிப்பாள். சத்தமாகவும் படிப்பாள். "ஆண் சிறுநீர்ப் புறவழிச் சுருக்கம், தொற்றுக்குப் பிந்தையது" என்று படித்து, கீழே இருந்த நோய்க் குறியீட்டு எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். முற்றுப்புள்ளி இருந்தது. கேள்விக்குறியைக் காணோம்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் செல்போனில் அந்த எண்ணைப் போட்டுத் தேடிக்கொண்டே வந்தாள். மூன்றாவது சிக்னல் தாண்டும்போது முகம் மாறியது. வாசல் கதவைத் திறக்கும்போது அவள் எல்லாம் தெரிந்தவளாக இருந்தாள், நான் ஒன்றும் தெரியாதவனாக இருந்தேன். அந்த மாதிரிச் சுருக்கம் பெரும்பாலும் எந்த மாதிரித் தொற்றுக்குப் பின்னால் வரும், அந்தத் தொற்று எந்த மாதிரி ஆண்களுக்கு எந்த மாதிரி இடங்களில் வரும் என்று யாரோ ஒரு புண்ணியவான் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறான்.

"என்ன தொற்று?" என்றாள்.

"கால்விரல்ல."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். அதுதான் தாங்கவில்லை. "உட்காருங்க. தண்ணி குடிங்க. பதட்டப்படாம பதில் சொல்லுங்க. எங்க ஏறினீங்க?" டிக்கெட் இல்லாத பயணியிடம் பேசுகிற அதே குரல். எத்தனை பேரை அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்ட குரல்! என் டீ கப்பைத் தனியாக எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். டீயும் அரைக் கப்தான் வந்தது. துண்டு, சோப்பு, தலையணை எல்லாவற்றுக்கும் தனி இருக்கை ஒதுக்கப்பட்டது. நாற்பது வருஷமாக ஒரு நாள்கூட வேறு வண்டியில் ஏறாதவன் நான். உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம், அவளுக்கல்லவா தெரிய வேண்டும்?

மறுநாள் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கேள்விக்குறியைக் கண்டுபிடித்து உட்கார்த்தி வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் நோக்கம். நோய்களுக்கெல்லாம் அந்த எண் போடுகிற பிரிவு அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடித் தடுப்பு, அதில் வயிற்று உயரத்தில் ஒரு ஓட்டை. பேச வேண்டுமென்றால் குனிய வேண்டும், பதில் கேட்க வேண்டுமென்றால் காதைத் திருப்ப வேண்டும். உள்ளே முப்பது வயசுப் பெண் ஒருத்தி. கம்ப்யூட்டரைச் சுற்றி மஞ்சள் காகிதங்களை ஒட்டி வைத்திருந்தாள். எனக்குப் பின்னால் ஒரு பத்துப் பேர் நின்றார்கள்.

நான் ரகசியமாகச் சொன்னேன். கண்ணாடிக்கு ரகசியம் புரியாதே. "சத்தமா சொல்லுங்க சார்!" என்றாள். சொன்னேன். எனக்குப் பின்னால் பேச்சு நின்றது.

"சுருக்கம் எந்த இடத்துல சார்? முன்னாலயா, நடுவுலயா, உள்ளயா?"

"அது புதன்கிழமதாம்மா தெரியும்."

"எதனால வந்துச்சு?"

"அதுக்குத்தாம்மா வந்திருக்கேன்."

பின்னால் நின்ற ஒருவர் "என்னவாம்?" என்று கேட்டார். "சுருக்கமாம்" என்று இன்னொருவர் விளக்கினார்.

அந்தப் பெண்ணிடம் கேள்விக்குறியைப் பற்றிச் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. "டாக்டர் கேள்விக்குறி போட்டிருந்தாரா? உறுதியா பாத்தீங்களா?" என்றாள். வெளிநோயாளிச் சீட்டில் சந்தேகம் என்று டாக்டர் எழுதினால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளவே கூடாதாம். "சந்தேகத்துக்கெல்லாம் எங்ககிட்ட நம்பர் கிடையாது சார். எனக்கு வந்த டைப் அடிச்ச காகிதத்துல கேள்விக்குறி இல்ல. அதை நம்பித்தான் போட்டேன்" என்று காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். மேலே டைப் அடிக்கிறவர் கையில் கேள்விக்குறி விழுந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் விழுந்துபோன குறிகளைப் பொறுக்கி எடுத்து வைத்தவன் நான். என் ஒரு வரியில் விழுந்ததை எடுத்து வைக்க ஆளில்லை.

"அப்ப திருத்திடுங்கம்மா."

"நானா திருத்த முடியாது சார். டாக்டர் எழுதணும். நான் எழுதினா அது கதை, அவர் எழுதினாத்தான் நோய். காரணம் தெரியலன்னு எழுதிக் கொடுத்தார்னா, 'குறிப்பிடப்படாதது'ன்னு போட்டுத் தர்றேன்."

'குறிப்பிடப்படாதது'! தமிழில் இதைவிடக் கௌரவமான வார்த்தை உண்டா மாப்பிள்ளை? அதையே போடுங்கள் தாயே என்று கும்பிட்டேன். அவளும் பொறுப்பான பெண். என் பெயரை ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதிக் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள்.

ஆனால் 'குறிப்பிடப்படாதது' வீட்டில் எடுபடவில்லை. "குறிப்பிட முடியாததுன்னு சொல்லுங்க" என்றாள் உன் அக்கா. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவளும் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் கால்விரல் விவகாரத்தைக் கேட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொற்று என்பதை ஒரே கோட்டில் அடித்தார். நான் மூச்சு விட்டேன். அப்போது அவர் மணி கேட்கிற குரலில் மறுபடியும் கேட்டார்: "அப்ப வேற என்ன காரணம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். எங்கயும் விழலையா?"

"இவரா? ஸ்டூல்ல ஏறி பல்பு மாத்தச் சொன்னா மூணு நாள் யோசிப்பார். நாப்பது வருஷமா கூடவே இருக்கேன். இவர் எங்கயும் விழல" என்றாள் உன் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். விழவில்லை என்றால் பிறகு என்ன என்பதுதான் அந்தப் பார்வை.

எனக்கு இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு மிச்ச ஆயுளுக்கும் ஜன்னலோரம் அரைக் கப் டீ குடிப்பது. இன்னொன்று, செய்த தப்பைச் சொல்வது. சொல்லிவிட்டேன் மாப்பிள்ளை. என்னை மன்னித்துவிடு. உன் பெயரையும் சொல்லிவிட்டேன்.

"விழுந்தேன் டாக்டர். ஏற்றப்பலகையில."

"எதுல?"

"பள்ளிக்கூட மைதானத்துல குழந்தைங்க ஏறி இறங்கி ஆடுமே, ரெண்டு பக்கமும் உக்காந்து, அந்தப் பலகை. எதிர்ப் பக்கம் என் மைத்துனர் உக்காந்திருந்தார். அப்ப அவர் தொண்ணூத்திரண்டு கிலோ. காவல்காரர் விசில் ஊதினார். இவர் குதிச்சுட்டார். நான் மேல இருந்தேன்."

டாக்டர் பேனாவை மூடினார். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றுகொண்டாள். உன் அக்கா விசாரணையை ஆரம்பித்தாள்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"நம்ம பொண்ணு படிச்சது."

"எப்ப?"

"அவ அஞ்சாவது படிக்கும்போது. பெற்றோர் கூட்டம் இருந்ததே, அன்னிக்கு."

"எனக்கு டூட்டின்னு உங்க ரெண்டு பேரையும் அனுப்பினேனே, அந்தக் கூட்டமா?"

"ஆமா. நாப்பது நிமிஷம் முன்னாடியே போய்ட்டோம்."

"விழுந்தப்புறம் கூட்டத்துக்குப் போனீங்களா?"

போகவில்லை என்று தலையாட்டினேன். எப்படிப் போக முடியும்? உனக்கு ஞாபகம் இருக்கும். ரத்தம் பார்த்துப் பயந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, கடையின் பின்பக்கத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தேன். நீ விசிறினாய். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று இருவரும் உட்கார்ந்து தயாரித்தோம். "பொண்ணுக்குக் கணக்கு அபாரமா வருது, விட்டுடாதீங்கன்னு டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க அத்தான்" என்றது நீ. நம்பும்படியாக இருக்கட்டும் என்று "பேச்சைக் கொஞ்சம் குறைக்கணும்" என்பதைச் சேர்த்தது நான்.

"அப்ப டீச்சர் சொல்லல?" என்றாள் உன் அக்கா.

"இல்ல."

"கணக்கு அபாரமா வருதுன்னு டீச்சர் சொல்லல?"

"நாங்க டீச்சரைப் பாக்கவே இல்ல."

மாப்பிள்ளை, அந்த ஒரு வரியை நம்பி உன் அக்கா அந்தப் பெண்ணை எத்தனை கணக்கு வகுப்பில் சேர்த்தாள், எத்தனை பேரிடம் சொன்னாள்! அந்தப் பெண் இன்றைக்குப் பாலம் கட்டுகிற இன்ஜினியர். உன் அக்காவுக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, "ஐயோ, அவ கட்டின பாலத்து மேல லாரி போகுதே!" என்றாள். டாக்டர் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அவர் நிமிர அரை நிமிஷம் ஆயிற்று. நிமிர்ந்து, 'விழுந்ததாக நோயாளி கூறுகிறார், உறுதி செய்ய எக்ஸ்ரே' என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா பெண்ணுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில். எல்லாவற்றையும் சொன்னாள். என் குழாய் உட்பட. அந்தப் பக்கம் மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அழுகிறாளோ என்று போனிடம் குனிந்தேன். பார்த்தால் சிரிக்கிறாள்.

"அம்மா, எனக்கு அன்னிக்கே தெரியும். மறுநாளே டீச்சர், உங்க வீட்டுல இருந்து ஏன் யாருமே வரலன்னு வகுப்புல எழுப்பிக் கேட்டாங்க."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தே?"

"அந்த டீச்சர் என்னை ஒரு தடவகூட நல்லா படிக்கிறேன்னு சொன்னதில்லம்மா. கணக்குல நான் அப்ப முப்பத்தெட்டு மார்க். அப்பா பொய்யாவாவது சொன்னாரேன்னு இருந்துச்சு. நீ வேற எல்லார்கிட்டயும் சொல்லிட்டே. அப்புறம் படிக்காம என்ன பண்றது? அப்பா பக்கத்துல இருக்காரா? அப்பா, உடம்ப ஏன்ப்பா இவ்வளவு நாள் விட்டீங்க? புதன்கிழமை நான் லீவு போட்டுட்டு வர்றேன்."

நான் கண்ணாடியைத் துடைத்தேன். உன் அக்காவும் அந்தப் பக்கம் திரும்பி எதையோ துடைத்தாள்.

இத்தோடு வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. சாயங்காலம் உன் அக்கா தீர்ப்பை ஒத்தி வைத்தாள். கூட்டத்துக்குப் போகாதது நிரூபணம் ஆகிவிட்டது, அதற்குப் பெண்ணே சாட்சி. ஆனால் விழுந்தது நிரூபணம் ஆகவில்லையாம். "கூட்டத்துக்குப் போகாம ரெண்டு மணி நேரம் எங்க இருந்தீங்க? ஜூஸ் கடைக்குப் பின்னாலன்னு நீங்க சொல்றீங்க. பர்ஸ் தொலஞ்சு போச்சு, டிக்கெட் அதுலதான் இருந்துச்சுன்னு அழறவங்க எத்தன பேர நான் பாத்திருக்கேன். என் தம்பி அவன் கையால எழுதட்டும். போன்ல வேணாம், நீங்க முன்னாடியே பேசி வச்சிருப்பீங்க. எழுத்துல வரட்டும். அவனுக்கு நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தரக் கூடாது" என்றுவிட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, நான் உனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தரவில்லை. மேலே எழுதியிருப்பது என் சுகவீனம் பற்றிய விவரம் மட்டுமே. நீ உன் அக்காவுக்கு இயல்பாக ஒரு கடிதம் எழுது. விசேஷம், குழந்தைகள் படிப்பு என்று எழுதிக்கொண்டே வந்து, நடுவில் தற்செயலாக ஞாபகம் வந்த மாதிரி ஏற்றப்பலகையை எழுது. விசில், ஐஸ் கட்டி, கைக்குட்டை மூன்றும் வரட்டும். கைக்குட்டை நீலக் கட்டம் போட்டது. ஜூஸ் கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பக்கத்தில் அல்ல. உன் எடையைக் குறைத்து எழுதிவிடாதே, அங்கேதான் கேஸ் நிற்கிறது. எழுதி முடித்ததும் ஒற்றுகளைப் பார்த்துக்கொள். 'ஏற்றப்பலகை'யில் ப் வரும்.

இன்னொன்று, இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது. தாரை மெலிந்தாலும், பிரிந்தாலும், நின்று நின்று வந்தாலும் உடனே போய்க் காட்டு. பல் தேய்ப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒன்றரை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு நிற்காதே. படிவத்தில் பதினேழாவது கேள்வி வரும்போது என்னை நினைத்துக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள். உன் வீட்டில் எல்லாக் குழாய்களும் எல்லாக் காலத்திலும் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

உன் அத்தான்.

பி.கு.: இந்தக் கடிதத்தை அன்றைக்கே போட முடியவில்லை. தபால் தலை வாங்கப் போன வரிசையில் எனக்கு அவசரமாகிவிட்டது, அந்தச் சங்கதி முடிந்து வெளியே வருவதற்குள் தபால் ஆபீஸையே பூட்டிவிட்டார்கள். நடுவில் புதன்கிழமை வந்து போயிற்று. மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி, "சார், உங்க சுருக்கம் இங்க இருக்கு. முன்னால, குழாயோட வாய்க்குப் பக்கத்துல. கால் போட்டு விழுந்தா அடி படுற இடம் இது இல்ல, அது உள்ள தள்ளி இருக்கும். அந்த இடம் உங்களுக்குச் சுத்தமா நல்லா இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்போது அடித்தளத்துப் பெண் ஒரு பழைய ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு மேலேயே வந்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் எனக்குப் பித்தப்பை எடுத்தார்களே, நீ ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாயே, அந்தக் கட்டு. மயக்கத்தில் இருந்தபோது சிறுநீர் வெளியேற எனக்கு ஒரு ரப்பர் குழாய் செருகியிருக்கிறார்கள். முதலில் போட்டது உள்ளே போகவில்லை, இரண்டு தடவை முயன்று, மறுநாள் விடியுமுன் எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. அது உரசிய இடம்தான் ஆறும்போது சுருங்கியிருக்கிறதாம். படிவத்தில் பித்தப்பையை நான் எழுதித்தான் இருந்தேன், குழாய் போட்டது எனக்கே தெரியாது. டாக்டர் 'சிகிச்சைக்குப் பிந்தைய சுருக்கம், முன்பகுதி' என்று எழுதினார், கேள்விக்குறி இல்லாமல். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே எண்ணை மாற்றிப் போட்டாள். ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை, ஒரே நாள், அடுத்த வாரம். சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஆக, தொற்றும் இல்லை, ஏற்றப்பலகையும் இல்லை. நீயும் காரணம் இல்லை. நான் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்கலாம். உன் அக்கா படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "அப்ப டீச்சர் விஷயத்த எதுக்குங்க சொன்னீங்க?" என்றாள். நேற்றிலிருந்து முழுக் கப் டீ வருகிறது, ஆனால் இந்தக் கேள்வி அவளை விடவில்லை. அதற்கு நீதான் பொறுப்பு என்று நான் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை வண்டியில் உன் வீட்டுக்கு வருகிறாள். இனிமேல் தபால் தலை எதற்கு என்று இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை, ஒட்டினாலும் அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மேலே எழுதியது எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இதை நீ படிக்கும்போது அவள் எதிரில்தான் நிற்பாள், கேட்டால் உடனே பதில் சொல். குளியலறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே.